மண்டோர் என்ற சொல் எங்கிருந்து வந்தது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தோட்டப்புறத்தில் பிறந்து, கோலாலம்பூரில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் தாத்தா ஒரு மண்டோர். அந்தச் சொல்லின் பூர்வீகம் லத்தீன் என்று பிரிக்பீல்ட்ஸில் நடந்த ஒரு சின்னக் கூட்டத்தில் போகிற போக்கில் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து கல்யாண வீடு, கோயில், தேத்தண்ணிக் கடை என்று எங்கே போனாலும் இதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

ஒரு சின்னக் குறிப்பு: வேற்றுமொழிச் சொற்களைக் காதில் விழும் ஒலிக்கு நெருக்கமாக எழுதியிருக்கிறேன். மண்டோரில் 'ட' என்று கேட்கும் ஒலி லத்தீனிலும் போர்த்துகீசிலும் நம் 'த' போலப் பல்லில் படுவது. அதனால் அங்கெல்லாம் 'ட' போடவில்லை.

மண்டோர்னா தமிழ்தானே சார்? எங்க பாட்டி காலத்துலேர்ந்து சொல்றோமே!

சொல்கிறோம்தான், ஆனால் தமிழ் இல்லை. தோட்டத்திலோ சாலை போடும் இடத்திலோ ஆட்களை வைத்து வேலை வாங்கும் மேற்பார்வையாளர்தான் மண்டோர். மலாயில் மண்டோர் என்றும் மண்டுர் என்றும் சொல்வார்கள். மலாய்க்கு அது போர்த்துகீசிலிருந்து வந்தது. அங்கே அதன் வடிவம் 'மந்ததோர்', அதாவது ஆணையிடுபவர். போர்த்துகீசுக்கு லத்தீன் 'மந்தாரே' என்ற வினையிலிருந்து வந்தது. வழியில் நடுவிலிருந்த ஓர் அசை தேய்ந்துபோனது.

தமிழ் மாதிரித் தோன்றுவதற்குக் காரணம் கடைசியில் நிற்கும் 'ஓர்'. சான்றோர், முன்னோர், பெரியோர் வரிசையில் மண்டோரும் உட்கார்ந்துகொள்கிறார். ஆனால் நம் 'ஓர்' பலரைக் குறிக்கும் விகுதி. மண்டோரின் 'ஓர்' லத்தீனில் 'தோர்' என்று முடியும் விகுதியின் மிச்சம். 'செய்பவர்' என்று ஒருவரைக் குறிக்கும். டாக்டர், டைரக்டர் எல்லாவற்றின் வாலும் அதே வால்தான். ஆகவே நாலைந்து பேர் இருந்தால் 'மண்டோர்கள்' என்று தாராளமாக எழுதலாம், யாரும் இலக்கணப் பிழை சொல்ல முடியாது.

போர்த்துகீசுக்காரன் மலாக்காவோட நின்னுட்டானே, அவன் சொல்லு எப்படி நாடு பூரா பரவிச்சு?

போர்த்துகீசியர் 1511இல் மலாக்காவைப் பிடித்தார்கள், 1641இல் டச்சுக்காரர்களிடம் இழந்தார்கள். ஆட்சி போனாலும் பேச்சு போகவில்லை. துறைமுகங்களில் வியாபாரத்துக்கு ஒருவகைப் போர்த்துகீசு ரொம்ப நாள் புழங்கியது. மலாயில் மேஜை 'மேஜா', சன்னல் 'ஜெண்டேலா', தேவாலயம் 'கெரேஜா', வெண்ணெய் 'மெந்தேகா'. எல்லாம் அந்த வரவுதான். நாம் மட்டும் என்ன? மேசை, சன்னல், அலமாரி மூன்றும் அதே கப்பலில் நம் கரைக்கு வந்து இறங்கியவை.

டச்சுக்காரர்கள் தங்கள் கிழக்கிந்தியத் தீவுகளில் வேலையாட்களின் தலைவனை 'மண்டூர்' என்று எழுதினார்கள். பிரிட்டிஷ் மலாயாவின் தோட்டங்களும் மலாய்ச் சொல்லையே எடுத்துக்கொண்டன. நம் ஆட்கள் இங்கே வந்த பிறகு, இந்த மண்ணில் கற்றுக்கொண்ட சொல் இது. ஊரிலிருந்து மூட்டையில் கட்டி வந்ததல்ல.

சரி, லத்தீன்ல அதுக்கு நேர் அர்த்தம் என்ன? அதிகாரம் பண்றதா?

இல்லை, இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். 'மனுஸ்' என்றால் கை. 'தரே' என்றால் கொடு. இரண்டும் சேர்ந்து 'மந்தாரே': கையில் கொடு. பின்பாதி 'வை' என்று பொருள்படும் வேறொரு வினை என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. கையில் கொடுத்தாலும் கையில் வைத்தாலும் நம் கதைக்கு ஒன்றுதான்.

தமிழில் இதற்கு அச்சு அசலான சொல் இருக்கிறது: கையளித்தல். இலங்கைத் தமிழர்கள் இன்றும் 'சாவியைக் கையளித்தார்' என்று சாதாரணமாக எழுதுவார்கள். ஒரு பொருளை ஒருவர் கையில் கொடுத்தால் அது ஒப்படைப்பு. ஒரு வேலையைக் கையில் கொடுத்தால் அது கட்டளை. கொடுத்து, 'போய்ட்டு வா' என்றால் அது அனுப்புதல். ஒப்படை, கட்டளையிடு, அனுப்பு: ஐரோப்பிய மொழிகள் இந்த மூன்றையும் ஆளுக்கொன்றாகப் பங்கு போட்டுக்கொண்டன. கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த மூன்றில் ஏதோ ஒன்றில் போய் முடியும்.

ரோமானியச் சட்டத்தில் 'மந்தாத்தும்' என்று ஓர் ஒப்பந்தம் உண்டு. நண்பன் கேட்டுக்கொண்டதற்காக அவன் காரியத்தை ஒருவர் ஏற்று முடித்துக் கொடுப்பது. கூலி வாங்கினால் அது மந்தாத்தும் ஆகாது. நம்பி ஒப்படைத்ததைப் பினாங்கில் நம் முஸ்லிம் சகோதரர்கள் 'அமானிதம்' என்பார்களே, அந்த வாடை இதிலும் அடிக்கிறது. அமானிதம் அரபு, மந்தாத்தும் லத்தீன், உறவு கிடையாது. ஆனால் எண்ணம் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறது.

மண்டோரும் கங்காணியும் ஒண்ணா, வேறவேறயா?

சொல்லில் வேறு, வேலையில் பாதி ஒன்று. கங்காணி சுத்தத் தமிழ்: கண்காணிப்பவர். கங்காணி ஊருக்குப் போய், தன் கிராமத்து ஆட்களைத் திரட்டிக் கப்பலேற்றி அழைத்து வந்தார்; தலைக்கு இவ்வளவு என்று காசும் வாங்கினார். மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்ற பிறகு கங்காணி முறைதான் ஓங்கி நின்றது. 1938இல் இந்திய அரசு, உதவி கொடுத்துக் கூலியாட்களை இங்கே அனுப்புவதைத் தடை செய்தது. அதோடு ஆள் திரட்டும் வேலை முடிந்தது. மேற்பார்வை மட்டும் மிஞ்சியது.

எங்கள் தோட்டத்தில் கிழவர்கள் கங்காணி என்றார்கள், அப்பா தலைமுறை மண்டோர் என்றது. விடியுமுன் பெரட்டு என்ற ஆள் கணக்கெடுப்புக்கு ஆள் சேர்ப்பது, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் விழுந்ததா என்று பார்ப்பது, ஆளுக்குரிய ரப்பர் மர வரிசையான நெறையைப் பிரித்துக் கொடுப்பது, பால் வெட்டு ஆழமாகப் போய் மரம் காயப்பட்டால் சத்தம் போடுவது எல்லாம் தாத்தாவின் வேலை. தோட்டத்து மேலாளரான துரையின் வார்த்தையை வாங்கிக் கீழே இருப்பவர் கையில் கொடுப்பவர். கண்ணால் பார்ப்பவர் கங்காணி, கையில் கொடுப்பவர் மண்டோர் என்று வேடிக்கையாகச் சொல்வேன். இன்றைக்குச் செம்பனைக் காட்டில் வங்காளதேசத்து, இந்தோனேசிய ஆட்களுக்கு மேலே நிற்பவருக்கும் மண்டோர் என்றுதான் பெயர்.

தமிழ்நாட்டுச் சொந்தக்காரங்ககிட்ட 'மாமா மண்டோரா இருந்தாரு'ன்னு சொன்னா முழிக்கிறாங்களே?

முழிக்கத்தான் செய்வார்கள். இரண்டாவது பதிலில் சொன்னபடி இது மலாயாவில் நமக்கு ஒட்டிய சொல். அவர்களிடம் 'மேஸ்திரி' என்று சொல்லுங்கள், உடனே புரியும். வேடிக்கை என்னவென்றால் மேஸ்திரியும் தமிழ் இல்லை. அது போர்த்துகீசு 'மெஸ்த்ரே'. அதற்கு மூலம் லத்தீன் 'மகிஸ்தெர்', பெரியவர், ஆசான். ஆங்கிலத்தின் மாஸ்டரும் மிஸ்டரும் இத்தாலியின் மாஸ்ட்ரோவும் அதே குடும்பம். ஆக, கடலின் இந்தக் கரையில் ஒரு லத்தீன் சொல், அந்தக் கரையில் இன்னொரு லத்தீன் சொல். செய்யும் வேலை ஒன்று.

தேர்தல் வந்தா 'மண்டாட்', 'மண்டாட்'னு கத்துறாங்களே, அதுவும் இதுதானா?

அதேதான். மூன்றாவது பதிலில் வந்த 'மந்தாத்தும்' ஆங்கிலத்தில் மேண்டேட் ஆகி, மலாயில் மண்டாட் ஆனது. 'மண்டாட் ரக்யாட்' என்றால் மக்கள் கையளித்தது. இதைத் தமிழில் 'மக்கள் ஆணை' என்று எழுதுகிறவர்கள் உண்டு, தமிழ்நாட்டுப் பத்திரிகைகள் 'மக்கள் தீர்ப்பு' என்கின்றன. இரண்டுமே எனக்கு முழுத் திருப்தி தருவதில்லை. ஆணை என்றால் கொடுத்ததோடு வேலை முடிந்தது போல இருக்கிறது, தீர்ப்பு என்றால் வழக்கு முடிந்தது போல இருக்கிறது. கையில் கொடுத்ததைத் திரும்பக் கேட்கலாம் என்ற தொனி இரண்டிலும் இல்லை.

இதே சொல்லை ஒப்புக்குப் பயன்படுத்திய சரித்திரமும் உண்டு. முதல் உலகப் போருக்குப் பிறகு, தோற்ற ஜெர்மனியும் துருக்கியும் வைத்திருந்த நிலப்பகுதிகளைச் சர்வதேச சங்கம் வென்றவர்களிடம் 'மேண்டேட்' என்று கொடுத்தது. பாலஸ்தீனம் பிரிட்டனுக்கு, சிரியா பிரான்சுக்கு. ஒப்படைப்பு என்று காகிதம் சொன்னது. அங்கே வாழ்ந்தவர்களின் விருப்பத்துக்கு யாரும் காது கொடுக்கவில்லை.

ரிமாண்டுனா ஜெயில்தானே? பையனை ரிமாண்டு பண்ணிட்டாங்கன்னா கேஸ் முடிஞ்சிடுச்சா?

நீதிமன்ற நடையில் அம்மாக்கள் என்னிடம் அழுதுகொண்டே கேட்ட கேள்வி இது. இதற்காகவே இந்தப் பக்கத்தை எழுதலாம். முடியவில்லை அம்மா, கேஸ் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை.

சொல்லை முதலில் பிரிப்போம். 'ரெ' என்றால் திரும்ப. 'ரெமந்தாரே' என்றால் திருப்பி அனுப்பு, திரும்ப ஒப்படை. காவல்துறையிடமிருந்து வந்தவரை மாஜிஸ்திரேட் மறுபடி அவர்கள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறார், விசாரணையை முடித்துக்கொண்டு வா என்று. மலாயில் 'ரெமான்'. நம் பத்திரிகைகளில் 'தடுப்புக் காவல்'. தண்டனை இல்லை, குற்றம் நிரூபணமாகவும் இல்லை.

நம் நாட்டுக் கூட்டரசு அரசியலமைப்பின் 5ஆவது பிரிவுப்படி, கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். பயண நேரம் இந்தக் கணக்கில் சேராது. அதற்கு மேல் வைத்திருக்கக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 117ஆவது பிரிவில் உத்தரவு வாங்க வேண்டும். 14 ஆண்டுக்குக் குறைவான சிறைத் தண்டனை உள்ள குற்றமென்றால் முதலில் 4 நாள் வரை, அப்புறம் 3 நாள் வரை. அதைவிடப் பெரிய குற்றமென்றால் 7 நாள், மறுபடி 7 நாள் வரை. இங்கிலாந்தில் ரிமாண்டு என்றால் பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்ட பிறகு வழக்குக்காகக் காத்திருப்பது. ஆங்கிலப் படம் பார்த்துவிட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

'ஹுக்குமான் மாத்தி மண்டாத்தோரி'யை எடுத்துட்டாங்கன்னா, தூக்குத் தண்டனையே இல்லைன்னுதானே அர்த்தம்?

இல்லை. மலாயில் 'ஹுக்குமான் மாத்தி' என்றால் மரண தண்டனை. எடுத்தது 'மண்டாத்தோரி' என்ற சொல்லைத்தான், 'மாத்தி'யை அல்ல. மண்டாத்தோரி என்றால் கட்டாயம்: குற்றம் நிரூபணமானால் நீதிபதிக்கு வேறு வழியே கிடையாது. கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்து, கடைசியில் நீதிபதியின் கையைக் கட்டிப்போட்ட சொல் இது.

2023இல் நாடாளுமன்றம் கட்டாய மரண தண்டனையை நீக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அந்த ஆண்டு ஜூலை 4ஆம் தேதி அமலுக்கு வந்தது. இப்போது நீதிபதி மரண தண்டனையும் விதிக்கலாம், அதற்குப் பதிலாக 30 முதல் 40 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம். முடிவு அவர் கையில். ஒரு பெயரடை இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் வேறொன்று. மொழிபெயர்ப்பில் அதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண்டமுஸ் வழக்குன்னு வக்கீல் சொல்றாரே, அது யாரு பேரு?

யார் பெயரும் இல்லை. லத்தீனில் 'நாம் ஆணையிடுகிறோம்' என்ற முழு வாக்கியம் அது, ராஜா பேசுகிற 'நாம்'. ஓர் அரசு அதிகாரி செய்ய வேண்டிய கடமையைச் செய்யாமல் இழுத்தடித்தால், 'செய்' என்று நீதிமன்றம் பிறப்பிக்கும் உத்தரவு. தமிழில் 'செயலுறுத்து ஆணை' என்பார்கள்.

எங்க ஆபீஸ் பிரெஞ்சுக்காரர் சின்ன விஷயத்துக்கும் 'ஐ டிமாண்டு'ங்கிறாரு. திமிரா?

பாவம், திமிர் இல்லை. பிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் வெறுமனே கேட்பது. மணி என்ன என்று கேட்பதும், உப்பை எடுத்துத் தரச் சொல்வதும் தெமாந்தே. அதே சொல் ஆங்கிலத்துக்குப் போய் அதட்டிக் கேட்பதாக மாறிவிட்டது. அவர் தன் மொழியில் பணிவாகக் கேட்கிறார், உங்கள் காதில் அது ஆங்கிலமாக விழுகிறது.

தமிழில் டிமாண்டு இன்னொரு பக்கம் போய்விட்டது. 'டுரியானுக்கு இப்ப நல்ல டிமாண்டு' என்கிறோம். அதில் அதட்டலும் இல்லை, பணிவும் இல்லை, ஆள் கூட்டம்தான். மலாயில் இதற்கு 'பெர்மிந்தாஆன்'. அதன் வேர் 'மிந்தா', கேள். லத்தீனோடு தொடர்பில்லாத மலாயும் பொருளாதாரத்துக்குக் 'கேட்டல்' என்ற சொல்லையே எடுத்தது எனக்குப் பிடித்த விஷயம்.

இன்னொன்று. பிரெஞ்சு உணவகத்தில் சாப்பாடு சொல்வதற்கு 'கொமாந்தே' என்பார்கள், அப்படியே கமாண்டு. அவர் பரிமாறுபவரைப் படையில் சேர்க்கவில்லை. அஞ்சலகத்தில் மணியார்டருக்கு 'மந்தா' என்று பெயர். பணத்தைக் கையளித்து அனுப்புவதால்.

இத்தாலியிலயும் ஸ்பெயின்லயும் இதே சொல்லுக்கு 'அனுப்பு'ன்னு அர்த்தமாமே?

ஆமாம். இத்தாலியில் 'மந்தாரே' எழுத்து மாறாமல் அப்படியே இருக்கிறது, ஆனால் அர்த்தம் 'அனுப்பு'. கடிதம் அனுப்புவது, பிள்ளையைக் கடைக்கு அனுப்புவது எல்லாம் மந்தாரே. கட்டளைக்கு அவர்கள் 'கொமந்தாரே' என்று முன்னொட்டுச் சேர்த்து வேறாக்கிக்கொண்டார்கள். ஸ்பானியத்திலும் போர்த்துகீசிலும் 'மந்தார்' இரண்டுக்கும் பொருந்தும், அனுப்பு, ஆணையிடு. எது என்பதைச் சூழலைப் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

மெக்சிகோ வழக்கு இன்னும் அழகு. அங்கே அம்மா கூப்பிட்டால் பிள்ளை 'மந்தே?' என்று பதில் சொல்லும். நேர் பொருள் 'உத்தரவிடுங்கள்'. நம் பக்கம் பழைய ஆட்கள் 'சொல்லுங்க' என்று குரல் கொடுப்பார்களே, அந்த மாதிரி. அங்கேயே 'மந்தாதோ' என்றால் மளிகைச் சாமான் வாங்கப் போகும் வேலை. யாரோ கையில் சீட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள் அல்லவா?

ஜெர்மனியில் வக்கீலின் கட்சிக்காரருக்கு 'மண்டாந்த்' என்று பெயர், வழக்கைக் கையில் ஒப்படைத்தவர். நம் ஊர் மண்டோர் கட்டளையை நடத்துபவர், ஜெர்மன் மண்டாந்த் காசு கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருப்பவர்.

கமாண்டோ?

இதுவும் போர்த்துகீசு வழிதான். தென்னாப்பிரிக்காவில் டச்சு வம்சாவளி விவசாயிகளின் குதிரைப்படைக் கூட்டங்களுக்குக் கொமாண்டோ என்று பெயர். 1899 முதல் 1902 வரை பிரிட்டிஷ்காரர்கள் அவர்களோடு மோதிப் பட்ட அடி மறக்கவில்லை. 1940இல் தங்கள் திடீர்த் தாக்குதல் படைக்கு அந்தப் பெயரையே வைத்தார்கள். முதலில் கூட்டத்துக்குப் பெயர், அப்புறம்தான் தனி ஆளுக்கு.

ரெக்கமண்ட் பண்றதும் இதுல வருமா? எங்க அம்மா கேக்கச் சொன்னாங்க.

வரும். 'கொமெந்தாரே' என்றால் நம்பி ஒப்படைப்பது, பிறகு அதிலிருந்து புகழ்ந்து சொல்வது. 'ரெ' சேர்ந்தால் ரெக்கமண்ட். உங்கள் அம்மா உங்களை முதல் நாள் வேலைக்குக் கூட்டிப்போய், 'புள்ளைய உங்க கையில ஒப்படைக்கிறேன்'னு சொல்லியிருப்பார். அதுதான் அசல் ரெக்கமண்டேஷன். கடிதம் எல்லாம் பிறகு வந்தது.

பெரிய வியாழனுக்கு ஆங்கிலத்தில் 'மாண்டி'ன்னு ஏன் சொல்றாங்க? துக்க நாள்னா?

துக்கத்தோடு சம்பந்தமில்லை. இறுதி இராவுணவில் இயேசு சீடர்களின் பாதங்களைக் கழுவிய பிறகு, ஒருவரையொருவர் அன்பு செய்யுங்கள் என்ற புதிய கட்டளையைக் கொடுத்ததாக யோவான் நற்செய்தி 13ஆம் அதிகாரம் சொல்கிறது. லத்தீன் விவிலியத்தில் அந்த இடம் 'மந்தாத்தும் நோவும்' என்று தொடங்கும், புதிய கட்டளை. பாதம் கழுவும் சடங்கில் அதைப் பாடுவார்கள். அந்த 'மந்தாத்தும்' பழைய பிரெஞ்சு வாயில் தேய்ந்து, ஆங்கிலத்தில் மாண்டி ஆனது. கட்டளையிடுபவர் குனிந்து காலைக் கழுவுகிற நாளுக்கு இந்தச் சொல் பெயரானது எனக்குத் தனியாகப் பிடிக்கும்.

அப்போ மாண்டரின்? சீனர்கள் பேசுற மொழியும் மண்டோரும் சொந்தமா?

இதுதான் எல்லோரும் விழும் பள்ளம். சொந்தமில்லை. ஆனால் மாண்டரினுக்கு உங்கள் வீட்டிலேயே ஒரு சொந்தம் இருக்கிறது: மந்திரி.

சமஸ்கிருத 'மந்த்ரின்' தமிழில் மந்திரி, மலாயில் மெந்தெரி. இங்கே வந்த போர்த்துகீசியர் அரசு அதிகாரிகளை மலாய்க்காரர்கள் மெந்தெரி என்பதைக் கேட்டு, 'மந்தரிம்' ஆக்கிக்கொண்டார்கள். அப்புறம் சீனாவுக்குப் போய், அங்கிருந்த பேரரசின் அதிகாரிகளையும் மந்தரிம் என்றார்கள். அந்த அதிகாரிகள் பேசிய மொழிக்குச் சீனத்திலேயே 'குவான்ஹுவா', அதிகாரிகளின் பேச்சு என்றுதான் பெயர். அது ஐரோப்பாவில் மாண்டரின் ஆனது. சீனப் புத்தாண்டுக்கு நாம் வாங்கிக் கொடுக்கும் லிமாவ் மண்டாரினும் அந்த அதிகாரிகளின் பெயரைத் தாங்கிய பழம்தான். நம் சீன நண்பர்களோ தங்கள் மொழியை 'ஹுவா யூ' என்கிறார்கள். மாண்டரின் என்பது அவர்கள் வைத்த பெயரே இல்லை.

ஆனால் முழுக்க முழுக்கத் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. மெந்தெரி போர்த்துகீசியர் வாயில் மந்தரிம் ஆனதற்கு, அவர்கள் மொழியில் ஏற்கெனவே இருந்த 'மந்தார்' என்ற வினையும் காரணம் என்று சொற்பிறப்பு அறிஞர்கள் கருதுகிறார்கள். அதிகாரி என்றால் ஆணையிடுபவர்தானே என்று காது தானாகவே ஒலியைத் திருத்திக்கொண்டது. ஆகவே மண்டோரும் மாண்டரினும் உடன்பிறப்புகள் இல்லை. ஒரே வீட்டில் கொஞ்சநாள் வாடகைக்கு இருந்ததால் சாயல் ஒட்டிக்கொண்டவர்கள்.

மெந்தெரிக்கும் மினிஸ்டருக்கும்?

அதுவும் சாயல் மட்டும். மெந்தெரி மந்திரத்தின் உறவு, 'மன்' என்ற வேருக்குச் சிந்தித்தல் என்று பொருள், ஆலோசனை சொல்பவர். மினிஸ்டர் லத்தீனில் பணியாள். மேஸ்திரி பற்றிய பதிலில் வந்த 'மகிஸ்தெர்' மேலே உள்ளவர், 'மினிஸ்தெர்' கீழே உள்ளவர். ஆக, சொல்லின்படி பார்த்தால் மினிஸ்டரை விட மேஸ்திரிக்கு அந்தஸ்து அதிகம். இதைச் சொன்னால் என் கொத்தனார் நண்பருக்குப் பரம சந்தோஷம்.

'தரே'ன்னா கொடுன்னு சொன்னீங்க. நம்ம 'தர'வும் அதானே! அப்ப லத்தீனே தமிழ்லேர்ந்து வந்ததுதானே?

ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவராவது எழுந்து இதைக் கேட்பார். கைதட்டலும் கிடைக்கும், அதனால் பதில் சொல்லவே சங்கடமாக இருக்கும். இல்லை.

லத்தீன் 'தரே'வின் உறவுகள் சமஸ்கிருதத்தில் 'தா' என்ற வேரும் அதிலிருந்து வந்த தானமும், கிரேக்கத்தில் 'திதோமி'யும். அவை ஒரு குடும்பம் என்று சொல்வதற்கு இந்த ஒரு சொல் காரணமில்லை. எண்கள், உறவுப் பெயர்கள், வினை விகுதிகள் என்று நூற்றுக்கணக்கில், ஒரே ஒழுங்கில் ஒலி மாறி வருகின்றன. தமிழ் 'தா'வுக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் உறவுகள் உண்டு. அது திராவிடக் குடும்பம். இரண்டு குடும்பத்திலும் 'கொடு'வுக்குத் தகரம் வந்தது தற்செயல். சின்னச் சின்னச் சொற்களில் இப்படி நிறைய நடக்கும். 'மனுஸ்' மாதிரித்தானே மனுஷன் இருக்கிறான், அவனும் உறவில்லை.

தமிழ் பழைய மொழி என்பதற்கு லத்தீனின் சாட்சி தேவையில்லை. கையளித்தல் என்ற சொல்லை லத்தீனைக் கேட்காமலே தமிழன் உண்டாக்கியிருக்கிறான் என்பதில் எனக்கு இருக்கும் பெருமையே போதும்.

இனிமே எழுதும்போது மண்டோர்னு எழுதலாமா, மேற்பார்வையாளர்னு மாத்தணுமா?

அரசுப் படிவமென்றால் மேற்பார்வையாளர் என்று போடுங்கள். தோட்டத்துக் கதை எழுதினால் மண்டோர் என்றே எழுதுங்கள். மேற்பார்வையாளர் பெரட்டுக்கு நிற்க மாட்டார், ரப்பர் பால் சுமக்கும் காண்டாவைத் தூக்கிப் பார்க்க மாட்டார்.

எழுத்துப்பிழை மட்டும் வந்துவிடக் கூடாது. என் அத்தை மகள் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அடித்தபோது, தாத்தா பெயருக்குக் கீழே 'முன்னாள் மண்டோர்' என்று போடச் சொல்லியிருந்தோம். அச்சகத்தில் ஒரு துணைக்கால் கூடுதலாக விழுந்து 'முன்னாள் மாண்டோர்' என்று வந்துவிட்டது. முன்பு ஒருமுறை செத்தவர் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். திருப்பி அடிக்க நேரமில்லை. தாத்தா திண்ணையில் உட்கார்ந்து, முந்நூறு அழைப்பிதழிலும் அந்தத் துணைக்காலைத் தானே பேனாவால் அடித்துக் கொடுத்தார்.